பக்கத்துப் படுக்கைக்காரன்

சுரேந்தர் பம்புக்குள் சுழலும் ஒரு ஷாப்டின் கழுத்தில் மைக்ரோமீட்டரை வைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. அளவு பார்க்கும்போது யார் அழைத்தாலும் அவன் எடுப்பதில்லை. மயிரிழை தப்பினாலும் பம்ப் கம்பெனிக்காரன் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவான். அடங்கி மறுபடி அடித்தபோதுதான் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தான்.

"தம்பி, எங்கிருக்கற?"

"பட்டறைலதாங்க்கா."

"போட்டதப் போட்டபடி கெளம்பி வா. டாக்டர் வந்துட்டுப் போனாரு. இன்னைக்கோ நாளைக்கோங்கறாரு. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிப்போடுங்கன்னுட்டாரு."

"வாரேன்."

"இன்னொண்ணு..." லோகப்பிரியா தயங்கினாள். "காலைல இருந்து இந்திலயே பேசறாரு. ஒரு எழுத்துப் புரியல. தண்ணி கேக்கறாரா, வலிக்குதுங்கறாரா, ஒண்ணும் தெரியல. பொள்ளாச்சி குத்தூஸ் சாரை வரச் சொல்லியிருக்கறேன்."

சூலூரிலிருந்து வடவள்ளி போக வேண்டுமென்றால் கோயம்புத்தூரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடக்க வேண்டும். சித்திரை வெயிலில் எல்லா சிக்னலும் அவனுக்காகவே சிவப்பில் நின்றன. அப்பா போகப்போகிறார் என்பது அவனுக்குப் புதுச் செய்தி இல்லை. பத்து நாளைக்கு முன்பு, சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதே அவன் மனசு அதற்குத் தயாராகிவிட்டது. எழுபத்தாறு வயது, ஆண்டு அனுபவித்த வயதுதான். அவனைக் குடைந்தது வேறு. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே அவர் போய்விடுவார் என்பதுதான். என்ன வார்த்தை என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. 'பரவாயில்லை' என்றாலும் போதும். 'நீ உருப்படவில்லை' என்றாலும் சரி, ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

பேராசிரியர் சென்னிமலையைத் தெரியாத பள்ளிக்கூடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனவர். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் கிழக்கு எல்லையில் தொடையில் குண்டுச் சிதறல் வாங்கி, லக்னோ ராணுவ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தார். மீசை முளைக்காத பையன்களோடு கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து பி.ஏ. படித்தார். அப்புறம் பி.எட்., எம்.எட்., முனைவர் பட்டம் என்று ஏறி, பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருபத்துநான்கு வருடம் இருந்தார். வாத்தியார்களுக்கு வாத்தியார். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று எந்தப் பள்ளிக்கூடத்துக் கதவைத் தட்டினாலும் திறப்பவர் அவரிடம் படித்தவராக இருப்பார் என்று சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகை இல்லை.

அப்பேர்ப்பட்டவரின் மகன் ப்ளஸ் டூவில் பெயில். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஊர் வாய்க்கு இதைவிட என்ன தீனி வேண்டும்? எவனுக்கெல்லாமோ சொல்லிக்கொடுக்கிறார், ஊட்டுல இருக்கறவனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியலையாமா என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் பேசிக்கொண்டது சுரேந்தரின் காதில் விழுந்திருக்கிறது. சொன்னவர்கள் அவன் இலைக்கு இரண்டு இலை தள்ளித்தான் இருந்தார்கள்.

இரண்டாம் தடவை முடிவு வந்த அன்று அப்பா திட்டவில்லை. கை ஓங்கவில்லை. எதிரே உட்காரவைத்து, "என்ன பண்ணலாம்னு இருக்கற?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அது அவர் வழக்கம். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயைத் திறக்கமாட்டார்; பயிற்சி மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார். சுரேந்தருக்கு அந்த மௌனம் அடியைவிட மோசமாக இருந்தது. "லேத் பட்டறைக்குப் போறேங்ப்பா," என்றான். அவர் "சரி" என்றார். அந்தச் 'சரி'யை அவன் இருபத்தெட்டு வருடமாக மென்றுகொண்டிருக்கிறான். சம்மதமா, கைகழுவலா என்று இன்றுவரை விளங்கவில்லை.

சொந்தப் பட்டறை திறந்தபோது பத்திரிகை அடித்தான். மாமன் மச்சான், பங்காளி, பம்ப் கம்பெனிக்காரர்கள் என்று வீடுவீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தான். கொங்குச் சீமையில் அது முக்கியம். நேரில் வந்து வாய் நிறைய 'வந்துருங்க' என்று சொல்லாவிட்டால் ஒன்றுவிட்ட சித்தப்பாகூட எட்டிப் பார்க்கமாட்டார். அப்பாவுக்கு எதற்குப் பத்திரிகை, பெற்ற அப்பனை எவனாவது வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பானா என்று நினைத்துக்கொண்டான். மீந்த பத்திரிகைகளைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அம்மா சின்னாத்தாள் பட்டுச்சேலை கட்டி வந்து விளக்கேற்றினாள். அப்பா வரவில்லை. அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு வாய்மொழித் தேர்வாம். மறுநாள் தேர்வு எதுவும் இல்லை. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் ஓடியது, ஓய்வு பெற்றார், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அவர் பட்டறைப் பக்கம் வரவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பாவின் அறையில் ஒரு கருத்தரங்கே கூடியிருந்தது. அக்கா லோகப்பிரியா ஒரு பி.எட். கல்லூரியின் முதல்வர், முனைவர். அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேராசிரியர்கள், அவர்களும் முனைவர்கள். தலைமாட்டில் பொள்ளாச்சி அப்துல் குத்தூஸ். அப்பாவின் முதல் வருட மாணவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லோருமாகக் கட்டிலைச் சுற்றி நின்று, வினாத்தாளில் பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்வி வந்துவிட்டதுபோல் முழித்துக்கொண்டிருந்தார்கள்.

குத்தூஸ் அவனைக் கண்டதும் கைகளைப் பிசைந்தார். "அம்மணி போன் பண்ணுனாங்க தம்பி. சார் இந்தி பேசறாரு, நீங்க வந்தா வெளங்கும்னாங்க. எனக்கெங்கீங்க இந்தி? எங்க ஊட்டுல நாலு தலைமொறையாத் தமிழ்தான். நானே தமிழய்யாவா வேலைக்குச் சேந்தவன். இருந்தாலும் கூப்புட்டாங்களேன்னு வந்துட்டேனுங்க."

லோகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். முப்பது வருடமாகத் தெரிந்த மனிதர். பேரை வைத்தே அவருக்கு உருது தெரியும், உருது தெரிந்தால் இந்தி தெரியும் என்று அவளாக முடிவுகட்டிவிட்டிருந்தாள்.

கட்டிலில் அப்பா உதடுகளை அசைத்தார். குரல் மெலிந்திருந்தாலும் சொற்கள் தெளிவாகத்தான் வந்தன. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"தண்ணிதான் கேக்கறாரு," என்று அக்கா ஸ்பூனை எடுத்தாள்.

"இல்லீங்க்கா," என்றான் சுரேந்தர். "ஜன்னலைச் சாத்தச் சொல்றாரு. பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் குளுருதாமா."

வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. அவன் போய் ஜன்னலைச் சாத்தினான். திரும்பி வந்து இந்தியில், "சாத்திவிட்டேன், இனிக் குளிராது," என்றான். அப்பாவின் முகம் அவன் பக்கம் திரும்பியது. தலையை லேசாக ஆட்டினார். பேச்சு நின்றது.

நான்கு முனைவர் பட்டங்கள் இருந்த அறையில் எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். லோகப்பிரியாதான் கேட்டாள்.

"உனக்கு இந்தி தெரியுமா?"

"பட்டறைல எட்டுப் பேரு பீகாருங்க்கா. பன்னெண்டு வருசமா அவங்களோடதான் பேசிக்கிட்டுக் கெடக்கறேன்."

"சொல்லவே இல்ல?"

"யாரு கேட்டாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். மூன்று நாளாகவே அப்பா நடுநடுவே இந்திச் சொற்கள் பேசியிருக்கிறார். அக்கா வடவள்ளியில் இருக்கும் வடக்கத்தி பேங்க் மேனேஜரை நினைத்துப் பார்த்தாள், பொள்ளாச்சி பாயை நினைத்தாள், கூகிளில்கூடத் தேடினாள். பெயிலான தம்பிக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்பது அவள் புத்தியில் ஓடவில்லை. அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்த வீட்டில் யாருக்குமே அது ஓடியிருக்காது.

பேராசிரியர்கள் இருவரும் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். ஹாலில் குத்தூஸ் சுரேந்தருக்கு ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பக்கத்துப் படுக்கைன்னா ராம்சரணாத்தான் இருக்கோணுங்க," என்றார்.

"அது யாருங்க?"

"தம்பிக்குத் தெரியாதுங்களா? எங்களுக்கெல்லாம் மொத நாள் கிளாசே அதுதானுங்களே!" குத்தூஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "லக்னோ ஆஸ்பத்திரில சாருக்குப் பக்கத்துப் படுக்கைங்க. பீகார்க்காரன். ரெண்டு கையும் வெந்து கட்டுப் போட்டிருந்துதாமா. எழுதப் படிக்கவும் தெரியாது. ஞாயித்துக்கெழமை ஆனா சார்தான் அவனுக்கு லெட்டர் எழுதிக் குடுப்பாராமா. மொதல்ல அவன் சொன்னதச் சொன்னபடி எழுதுனாராமா. ஒண்ணுக்கும் பதில் வரலீங்களாமா. அப்பறம்தான், சொல்றவன் வாயப் பாக்கக்கூடாது, மனசுல என்ன வெச்சிருக்கறான்னு கேட்டுக் கேட்டு எழுதோணும்னு தெரிஞ்சுதும்பாரு. 'நான் வாத்தியாரானது அந்தக் கட்டில்ல, காலேஜ்ல இல்ல'ம்பாரு. வருசா வருசம் சொல்லுவாருங்க."

சுரேந்தர் மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வருடா வருடம் சொன்ன கதை, வீட்டுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. சண்டையைப் பற்றிக் கேட்டால், "அதுல சொல்றதுக்கு என்ன இருக்குது" என்று எழுந்து போய்விடுவார். அவனுக்குப் பொறாமையாக இருந்தது. நாற்பத்தாறு வயதில், தலை நரைத்த ஒரு தலைமையாசிரியர்மேல், சின்னப் பையன்போல் பொறாமை.

இரண்டு மணிவாக்கில் அப்பா மறுபடி பேசத் தொடங்கினார். அக்கா அவனைக் கூப்பிட்டாள். அவன் கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அப்பாவின் வலது கை போர்வைமேல் இருந்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் ஒன்றுசேர்ந்து எதையோ பிடித்திருந்தன.

"ராம்சரண்," என்றார் இந்தியில். "இன்று ஞாயிறு. கடிதம் எழுத வேண்டாமா?"

அன்று வியாழக்கிழமை. சுரேந்தர் ஒரு கணம் யோசித்தான். நான் ராம்சரண் இல்லை, உங்கள் மகன் என்று சொல்லலாம். சொன்னால் புரியுமா, புரிந்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. "எழுதலாம்," என்றான், அவனும் இந்தியில்.

"யாருக்கு? அப்பாவுக்குத்தானே?"

"ஆமாம். அப்பாவுக்கு."

"சொல்."

"நான் நலம். நீங்கள் நலமா."

விரல்கள் போர்வைமேல் ஒரு வரி நகர்ந்து நின்றன. "அது எல்லாரும் எழுதுவது. விஷயத்தைச் சொல்."

சுரேந்தர் அக்காவைப் பார்த்தான். அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரியாது. குத்தூசுக்கும் புரியாது. இந்த வீட்டில் முதல்முறையாக அவன் என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

"நான் பரீட்சையில் தேறவில்லை," என்றான். "இரண்டு தடவை."

விரல்கள் எழுதின. நின்றன. "இரண்டு தடவை என்று போட வேண்டுமா? ஒரு தடவை போதுமே. அப்பாவுக்கு வலிக்கும்."

"போடுங்கள். அவருக்குத் தெரியும்."

"சரி. அப்புறம்?"

கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். அதே காத்திருப்பு. அன்றைக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு அவனுக்கு அவசரமே இல்லை. பட்டறையைப் பற்றிச் சொன்னான். நான்கு லேத், ஒரு மில்லிங் மிஷின், பதினோரு ஆட்கள். தினம் நூற்றிருபது ஷாப்ட் போகிறது. எந்தக் கிணற்றிலாவது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் அதில் என் ஷாப்ட் இருக்குமோ என்று நின்று கேட்பேன் என்றான். பட்டறை இந்திதான், கொச்சையாகத்தான் வந்தது. அப்பா தடையில்லாமல் எழுதிக்கொண்டே போனார். வரி முடிந்ததும் கை இடது பக்கம் வந்து அடுத்த வரியைத் தொடங்கியது.

"நல்ல விஷயம்," என்றார். "அப்புறம்?"

சுரேந்தர் கட்டில் பக்கம் குனிந்தான். "நீங்கள் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை," என்றான்.

விரல்கள் நகரவில்லை.

"எழுதுங்கள்."

"இதை எழுதமாட்டேன்."

"ஏன்?"

"கோபமாக எழுதினால் பதில் வராது, ராம்சரண். உனக்கு எத்தனை தடவை சொல்வது? அவர் வரவில்லை என்று சொல்ல வேண்டுமா, வர வேண்டும் என்று சொல்ல வேண்டுமா? உனக்கு எது வேண்டும்?"

கேட்டுவிட்டு, மறுபடி காத்திருந்தார்.

சுரேந்தருக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. "வர வேண்டும்," என்றான்.

"அப்படியானால், 'ஒருமுறை வந்து பாருங்கள்' என்று எழுதுகிறேன்." எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. "அப்பா என்ன வேலை செய்கிறார்?"

"வாத்தியார்."

"அடடா!" அந்த ஒட்டிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனது. "அப்படியானால் பிழையில்லாமல் இருக்க வேண்டும். விலாசம் சொல்."

சுரேந்தர் அந்த வீட்டின் கதவு எண்ணைச் சொன்னான். தெருவைச் சொன்னான். வடவள்ளி, கோயம்புத்தூர் என்றான்.

"கோயம்புத்தூரா? நானும் அந்தப் பக்கம்தான்." அப்பா போர்வையின் ஓரத்தை மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார். "தபாலில் போட்டால் பத்து நாள் ஆகும். எனக்கு விடுப்பு வந்துவிட்டது. நேரில் கொடுத்துவிடுகிறேன்." மடித்ததை எடுப்பதுபோல் எடுத்துச் சட்டைப் பை இருக்குமிடத்தில் வைத்து, மேலே இரண்டு தடவை தட்டிக்கொண்டார். கை அங்கேயே நின்றுவிட்டது. கண்கள் மூடின.

அதற்குப்பிறகு அவர் பேசவில்லை. நான்கு மணி பத்து நிமிடத்துக்கு மூச்சு ஒருமுறை நீளமாக வந்தது. அடுத்ததற்காக மூவரும் காத்திருந்தார்கள். லோகப்பிரியா குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

சாவு வீட்டில் அழுவதற்குக்கூட நேரம் கிடைப்பதில்லை. குளிர்பெட்டி வந்தது, பந்தல்காரன் வந்தான், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஆள் போனது. செய்தி எப்படிப் போனதோ, ஆறு மணிக்குள் தெருவில் வாத்தியார்கள் நிரம்பிவிட்டார்கள். ஆசிரியர்கள் கூடினால் வரிசை தானாக வந்துவிடும். ஒரு சத்தமில்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. பெட்டியின் தலைமாட்டில் எந்தப் படத்தை வைப்பது, பட்டாளத்து உடுப்பிலா, மூக்குக்கண்ணாடியிலா என்று அக்காவும் தம்பியும் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அவ்வளவு நேரம் என்னடா பேசுனாரு?"

"லெட்டர் எழுதுனாருங்க்கா. பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு."

"நீ அழுதியே."

சுரேந்தர் உடுப்புப் படத்தைத் துடைத்தான். "ஒரு தடவகூட பட்டறைக்கு வரலீங்க்கா அவரு."

"நீ கூப்புட்டியா?"

"பெத்த அப்பனக் கூப்புடறதாக்கா?"

லோகப்பிரியா கையிலிருந்த படங்களைக் கீழே வைத்தாள். "அம்மா ஒரு நா கேட்டா. நானும் இருந்தேன். 'ஏனுங்க, பையன் பட்டறையப் போய்ப் பாத்துட்டு வரலாமில்லீங்க'ன்னா. 'அவன் கூப்புடட்டும், போலாம்'னாரு. அவரு அப்படித்தானடா. பயிற்சிப் புள்ளைங்க பாடம் எடுக்கறதப் பாக்கப் போனாக்கூட, வாசல்ல நின்னு 'உள்ள வரலாமா'ன்னு கேட்டுப்போட்டுத்தான் கடைசி பெஞ்சுக்குப் போவாரு. அது அவங்க எடம், நாம கேக்காமப் போகக்கூடாதும்பாரு."

"இதை ஏன் சொல்லவே இல்ல?"

"நீ இதையே நெனச்சுக்கிட்டு இருப்பீன்னு எனக்கென்ன கனவா?"

அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். இருபத்திரண்டு வருடம். ஒரு 'வாங்கப்பா'வுக்காக அவர், அதைச் சொல்லாமலே வருவார் என்று இவன். இரண்டு பேருக்கும் அப்படி என்ன வீறாப்பு? பீரோக் கதவை ஓங்கிச் சாத்தினான். பிறகு மூக்குக்கண்ணாடிப் படத்தையே வைத்தார்கள்.

மறுநாள் காலை முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து நான்கு பெரியவர்கள் வந்தார்கள். மலர்வளையம் வைத்து, முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்கள். சீரெல்லாம் முடிந்து பத்து மணிக்கு ஊர்தியில் ஏற்றினார்கள். மயானம் சூலூர் தாண்டி சொந்த ஊரில். ஈர வேட்டியும் வெற்றுடம்புமாகச் சுரேந்தர் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான். எதிரே தாய்மாமன் பொன்னுச்சாமி. பெண்கள் மயானத்துக்கு வருகிற வழக்கமில்லை என்று மாமா சொன்னதைக் காதில் வாங்காமல் லோகப்பிரியாவும் ஏறிக்கொண்டாள். பின்னால் குத்தூசும் மற்றவர்களும் கார்களில் வந்தார்கள்.

சிங்காநல்லூர் தாண்டியதும் சுரேந்தர் அக்காவிடம் போனை வாங்கிப் பட்டறை ஆட்களிடம் இந்தியில் இரண்டு வார்த்தை பேசினான். சூலூர் வந்ததும் டிரைவரின் தோளைத் தட்டினான்.

"அண்ணா, அந்த வேப்பமரத்துல எடது பக்கம் திருப்பிக்குங்க."

"மயானம் நேரால்லீங்க போகோணும்?"

"திருப்பிக்குங்க. அஞ்சு நிமிசம்."

பின்பக்கம் பட்டறை வாசலைப் பார்க்க ஊர்தி நின்றதும் பொன்னுச்சாமி மாமா பதறிவிட்டார். "ஏங்கண்ணு, உனக்குப் புத்திகித்திப் பெசகிப்போச்சா? எடுத்த பொணத்த நடுவழீல நிறுத்தறதே ஆகாது. அதுலயும் தொழில் பண்ற எடத்துல கொண்டாந்து நிறுத்துவாங்களா? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்ன பண்ணுவ? எடுக்கச் சொல்லு வண்டிய."

"நான் கூப்புட்டிருக்கறேனுங்க மாமா," என்றான் சுரேந்தர்.

மாமாவுக்கு அது விளங்கவில்லை. விளங்கவைக்க அவனும் நிற்கவில்லை. இறங்கி ஊர்தியின் பின்கதவில் ஒரு பாதியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனான்.

முதலாளியின் அப்பாவை எடுக்கிற அன்று பட்டறையை ஓட்டலாமா என்று பீகார்க்காரர்களுக்குச் சந்தேகம். போனில் சொன்னதை நம்பாமல் எல்லா மிஷினையும் நிறுத்திவிட்டு வாசலில் மாலையோடு நின்றிருந்தார்கள். மேஸ்திரி முன்னா மாலையை வைத்துக் கும்பிட்டான். "எல்லாம் ஓடட்டும்," என்றான் சுரேந்தர் அவனிடம். ஒன்றன்பின் ஒன்றாக மில்லிங் மிஷினும் மூன்று லேத்தும் உறுமத் தொடங்கின. வாசலுக்கு நேராக இருந்த நான்காவது லேத்துக்கு யாரும் போகவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஷாப்டுக்கான கம்பி ஒன்றை எடுத்து லேத்தின் பிடியான சக்கில் பொருத்தி, அவனே ஸ்விட்சைப் போட்டான்.

தெருவில் கார்கள் நின்றன. ஆட்கள் இறங்கி என்ன ஏது என்று கேட்டார்கள். டூல் இரும்பைத் தொட்டதும் பளபளவென்று சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. சுரேந்தர் வாசல் பக்கம் பார்க்கவில்லை. எப்போதும் செய்கிற மாதிரி, அவசரமில்லாமல் செய்தான்.

மாமா பட்டறை வாசல்வரை வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. "கண்ணு, எல்லாரும் வெயில்ல நிக்கறாங்க. நேரமாச்சு. போலாமா?"

"இது ஒண்ணு முடியட்டுங்க மாமா."

மாமா திரும்பி ஊர்தியைப் பார்த்தார். லோகப்பிரியா இறங்கியிருந்தாள். சாத்தியிருந்த மற்றப் பாதிக் கதவையும் அவள் முழுக்கத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.